இடது பக்கம் இழுத்த வண்டி

சும்மா உட்காருங்கள் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து என் மகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் அவளுக்கு ஒரு ஃபிளாட். காலையில் கரையோரமாக நடந்துவிட்டு வாங்க, நல்ல காற்று வரும், நாலு பேர் பழக்கமாவார்கள் என்கிறாள். நான் நடப்பது கரையில் அல்ல, கீழே கார் பார்க்கிங்கில். வரிசையாக நிற்கும் வண்டிகளின் முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். வெளியே பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும். உள் ஓரம் வழுக்கைத் தலையாகத் தேய்ந்திருக்கும். வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. பையை மாட்டிக்கொண்டு வந்து, ஏறி, ஆபீசுக்குப் போய்விடுவார். எனக்குத்தான் அன்றைக்கு இட்லி தொண்டையில் இறங்காது.

ஒரு நாள் வாட்ச்மேனிடம் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா பெர்சு, டயர கழட்டிகினு போலாம்னு பாக்கிறியா?"

"கழட்டணும்னா உனுக்குத் தெரியிற மாதிரியா கழட்டுவேன்? போய்யா!" என்றேன். அவர் அசோசியேஷனில் சொல்லிவிட்டார். மகளுக்கு மானம் போய்விட்டதாம்.

அவள் இப்போது ஒரு புது வண்டி வாங்கியிருக்கிறாள். ரோட்டில் கோடு போட்டிருந்தால் அது தானாகவே கோட்டுக்கு நடுவில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்கிறது. கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா. அந்த வண்டியில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் அது தானே சரிசெய்து, நமக்குக் காட்டாமல் மறைத்துவிடுமே! போன வாரம் நான் வேலை பார்த்த டயர் கடையிலிருந்து பையன்கள் போன் செய்தார்கள். அந்த மாதிரி வண்டிகளுக்குச் சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் பார்த்த பிறகு கேமராவுக்கும் தனியாகச் செட்டிங் செய்ய வேண்டியிருக்கிறதாம், படித்துக்கொண்டிருக்கிறார்களாம். பேச்சோடு பேச்சாக, "அண்ணே, மிஷின்ல எல்லாம் பச்சை காட்டியும் வண்டி இழுத்தா உங்க காலத்துல இன்னா பண்ணுவீங்கோ? எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். உங்க காலமாம்! நான் வந்து இன்னும் கை அழுக்கே போகவில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அது வேப்பம்பட்டு ஏகாம்பரத்தின் வண்டி.

அதற்கு முன் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு டயர் கடைக்கு வேலைக்கு வந்தபோது அலைன்மென்ட் என்றால் நூல் கட்டிப் பார்ப்பது. வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, நூலை இழுத்துக் கட்டி, சக்கரம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்று ஸ்கேலால் அளப்போம். அப்புறம் லைட் அடிக்கும் மிஷின் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, கடைசியில் கேமரா வைத்த மிஷின். நானும் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டேன். அதெல்லாம் பெரிய கதையில்லை. நான் வேலை கற்றது மிஷினிடம் பாதி, எங்கள் ஃபோர்மேன் கன்னியப்பனிடம் வாங்கிய திட்டில் மீதி.

கன்னியப்பன் அயனம்பாக்கத்துப் பழைய குடும்பம். நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகும் வீட்டில் இரண்டு எருமை வைத்திருந்தார். பால் கறந்துவிட்டுத்தான் கடைக்கு வருவார். கத்தமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் நகர்ந்து நிற்போம். முதலாளியிலிருந்து வாடிக்கையாளர் வரைக்கும் எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார், என்னை மட்டும் சேகரு.

வண்டி உள்ளே வந்ததும் எடுத்தவுடன் ராம்ப்பில் ஏற்ற விடமாட்டார். முதலில் காற்று பார்க்க வேண்டும். நாலு டயரிலும் காற்று சரியாக இல்லாமல் அளப்பது சும்மா. அப்புறம் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி.

"நைனா, வண்டி கதைய அப்பால பேசலாம். இந்த வண்டில யாரு யாரு எங்க குந்துவீங்கோ, அத்த சொல்லு."

பாதிப் பேர் சிரிப்பார்கள். தனியாகவே ஓட்டுகிற ஆள் என்றால் அவரையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்து அளப்போம். பின்னால் எப்போதும் தண்ணீர் கேன் ஏற்றுகிற வண்டி என்றால் கேனோடு வரச் சொல்வார். வெறும் வண்டிக்கு அளந்து கொடுத்தால் அது வெறும் வண்டியாக நிற்கும்போது மட்டும்தான் சரியாக இருக்கும் என்பது அவர் கட்சி.

சஸ்பென்ஷன் சாமான் ஏதாவது மாற்றிய வண்டி என்றால் இன்னொரு கேள்வி உண்டு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே இதில்தான் இருக்கிறது. முன் சக்கரத்தை வண்டியின் உடம்போடு கீழே பிடித்து வைத்திருப்பது லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கை. அது உடம்போடு சேருமிடத்தில் ரப்பர் புஷ் இருக்கும், அதற்கு நடுவில் ஒரு போல்ட். ஆர்மை மாற்றுகிறவன் வண்டியை ஜாக்கியில் தூக்கித்தான் மாட்ட வேண்டும். ஆனால் அந்த போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் முழுக்க இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் அந்தத் தொங்கல் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கினதும் பிழிந்த துணி மாதிரி முறுகி, அந்தப் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வு மாறும். அப்புறம் நீங்கள் எவ்வளவு நல்ல மிஷினில் அளந்தாலும் அளக்காவிட்டாலும் ஒன்றுதான்.

அதனால் கன்னியப்பன் கேட்பார்: "டைட் வெக்கசொல்ல வண்டி தரைல நின்னுகினு இருந்திச்சா, தொங்கிகினு இருந்திச்சா?"

அளந்து முடித்துச் சரிசெய்த பிறகு ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம். நான் ஓட்டுவேன். கன்னியப்பன் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஆரம்பத்தில் தூங்குகிறார் என்று நினைத்து ஒரு தடவை மெதுவாகப் பாட்டுப் போட்டுவிட்டேன்.

"அத்த அணை. முன்னாடி குந்தினா கண்ணு பூந்து பேசும் சேகரு. பின்னாடி கண்ண மூடிகினு குந்தினா முதுகு சொல்லும், வண்டி எங்க போவுதுன்னு."

அவர் ஒரு நாளும் வாடிக்கையாளர் வண்டியில் தூங்கினதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசி போட்ட பெரிய வண்டியில்கூட. முதுகு நேராக, இரண்டு உள்ளங்கையும் சீட்டில் பதிந்து, கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஏகாம்பரம் எங்கள் கடைக்கு முதல் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை, கூட்டமான நாள். வேப்பம்பட்டுக்காரர். ஆவடிப் பக்கம் ஒரு பெரிய பணிமனையில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன கார், பழசு, ஆனால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். கூடவே மகன் தினேஷ். அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனி, கம்பெனி வண்டியில்தான் போவான் வருவான், கார் ஓட்டத் தெரியாது. அதை அவனே கூச்சப்படாமல் சொன்னான்.

பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் மாற்றியாச்சு. அதிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

"டைட் வைக்கும்போது வண்டி தரைல நின்னுச்சா சார்?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

"ஆவடில ஒரு மெக்கானிக்கு பண்ணான். எல்லாம் ஒயுங்காதான் பண்ணான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ராம்ப்பில் ஏற்றினேன். கேமரா சரியாகப் படிக்க முதலில் முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு இறக்க வேண்டும். அது முறை. இறக்கியதும் பானட்டை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டேன். அளந்தேன். ஸ்டியரிங்கோடு சக்கரத்தைச் சேர்க்கும் டை ராடில் கொஞ்சம் திருத்தம். எல்லாம் பச்சை. எஸ்டேட் ரோடு வழவழவென்று இருக்கும், அதில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கையை எடுத்தாலும் நேராகப் போனது. "வண்டி நேரா போகுது சார்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார்கள். இழுக்கிறதாம். மறுபடியும் தூக்கினேன், இறக்கினேன், அளந்தேன். மறுபடியும் பச்சை. மறுபடியும் நேராகப் போனது. எனக்கு எரிச்சலாக வந்தது. பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மகன் பேப்பரை நீட்டி, "அப்பா, பாரு, மிஷின் சொல்லுது. இந்த அண்ணனும் சொல்றாரு. வண்டி இழுக்கல" என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உன் கை இழுக்குது" என்றான்.

அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பெரியவருக்கு சில மாதங்களுக்கு முன் லேசாகப் பக்கவாதம் வந்திருக்கிறது. இடது கை. சிகிச்சைக்குப் பிறகு தேறிவிட்டார், ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் வண்டி இடது பக்கம் போக ஆரம்பித்ததும் மகனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இடது கையில் பலமில்லாமல் வண்டியை அப்படியே விட்டுவிடுகிறார் என்று நினைத்தான். அவன் நினைத்தது தப்பென்று சொல்லமாட்டேன். அவன் கையில் இருந்த சாட்சி என் மிஷின், நான்.

மூன்றாவது தடவை வந்தபோது பெரியவர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. மகன் மட்டும் இறங்கி வந்தான்.

"அண்ணே, இதான் கடைசி. இந்த தடவையும் சரின்னு வந்தா வண்டிய வித்துடலாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவரு ஒத்துக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

உள்ளேயிருந்து பெரியவர் சத்தம் போட்டார். "வண்டிய எட்துக்கோடா! சாவிய இப்பயே எட்துக்கோ! ஆனா கை போச்சின்னு மட்டும் சொல்லாத!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு நான் போகும்போது பின்னாலிருந்து கன்னியப்பன் குரல், ரொம்ப மெதுவாக.

"சேகரு. தூக்காத."

அவர் வந்து, குனிந்து, பெரியவரின் ஜன்னலில் கையை வைத்தார். "நைனா, எந்த இடத்துல இஸ்க்குது?"

"ஆவடி தாண்டினா இஸ்க்க ஆரம்பிச்சிடும். ஊடு போய் சேர்றதுக்குள்ள கை வலி எட்த்துடும்."

"அப்ப உன் ஊட்டுக்குப் போலாம் வா."

நாலு பேரும் கிளம்பினோம். பெரியவர் ஓட்டினார், பக்கத்தில் நான், பின்னால் மகன், நடுவில் கன்னியப்பன், கண்ணை மூடிக்கொண்டு. கிளம்பும் முன் கன்னியப்பன் ஒரு காரியம் செய்யச் சொன்னார். தூக்காதே என்றவரே முன் பக்கத்தை ஜாக்கியில் ஒரு தரம் தூக்கி அப்படியே இறக்கச் சொன்னார். அளக்கவில்லை, எதையும் தொடவில்லை. எதற்கு என்று கேட்டேன். "நீ தெனிக்கும் பண்றதுதான, பண்ணு" என்றார்.

திருமுல்லைவாயில் வரை ஒன்றுமில்லை. மகன் ஒவ்வொரு சிக்னலிலும் என்னைப் பார்த்தான், நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். வண்டி நேராகப் போனது. பெரியவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. இழுக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் வேண்டிக்கொண்டேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆவடி வந்தது, ஸ்பீடு பிரேக்கர்கள் வந்தன. பட்டாபிராம் பக்கம் ரோட்டைத் தோண்டி அரைகுறையாக மூடி வைத்திருந்தார்கள். வண்டி குதித்துக் குதித்துப் போய் நல்ல ரோட்டில் ஏறியதும் பெரியவரின் முழங்கை விறைப்பதைப் பார்த்தேன்.

"இஸ்க்குது" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்!

"அப்பா, கைய ஒழுங்கா புடி" என்றான் மகன்.

"நிறுத்து நைனா" என்றார் கன்னியப்பன், கண்ணைத் திறக்காமலே.

ஓரமாக நிறுத்தியதும் என்னை ஓட்டச் சொன்னார். நான் ஓட்டினேன். சாமி சத்தியமாக, வண்டி யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இடது பக்கம் போனது. கடையில் நான் கையை விட்டு ஓட்டின அதே வண்டி! திரும்ப நிறுத்தினேன். கன்னியப்பன் இறங்கி முன்னால் போய் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் மூன்று விரல் நுழைந்தது. இடது பக்கம் உள்ளங்கையே நுழைந்தது.

"வலது பக்கம் உக்காந்துச்சு. இடது பக்கம் உக்கார மாட்டேங்குது" என்றார். "நாம தூக்கி இறக்கினா ரெண்டும் ஒசரமா நிக்கிது. மிஷினுக்கு அது சரி. நாலு பள்ளம் ஏறி இறங்கினா ஒண்ணு உக்காருது, ஒண்ணு உக்கார்ல. நீ மறுக்கா தூக்கி மறுக்கா பச்சை காட்டுற."

மகன் அப்பாவின் தோளைத் தொட்டு, "ஸாரிப்பா" என்றான். அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பெரியவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கேயோ போய்விட்டது. ஏனென்றால் மகனின் அடுத்த கேள்வி, "அந்த மெக்கானிக் யாருப்பா? நம்பர் குடு."

"நம்பர் இல்ல."

"கடை எங்க?"

"கடைய காலி பண்ணிகினு போய்ட்டான்."

"பேராச்சும் சொல்லு. எங்க இருந்தாலும் புடிச்சு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"உட்ரா. பாவம், புள்ள குட்டிக்காரன்" என்றார் பெரியவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

வீடு போய்ச் சேர்ந்தோம். வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி, வாசலில் வண்டி நிறுத்த ஷெட் போட்ட வீடு. அவர் சம்சாரம் சரோஜா அம்மாள் வாசலுக்கு வந்து, மகன் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னியப்பன் ஷெட்டில் கிடந்த தடிப் பலகைகளை நாலு சக்கரத்துக்கும் முன்னால் போட்டு வண்டியை அவற்றின் மேல் ஏற்றச் சொன்னார். ஜாக்கி போடவில்லை. வண்டி தன் பாரத்தோடு தன் சக்கரத்திலேயே நிற்க வேண்டும், அடியில் ஆள் நுழையவும் இடம் வேண்டும். ஷெட்டு மூலையில் ஸ்பேனர்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து, அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்தேன். கன்னியப்பனும் பார்த்தார்.

அவர் அடியில் படுத்து வலது பக்க போல்ட்டைத் தளர்த்தினார். ஒரு இழுப்பில் வந்துவிட்டது. இடது பக்கம் போனார். வரவில்லை. நான் போய்ப் பிடித்தேன். அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி இரண்டு பேரும் இழுத்தோம். ஊஹூம்.

"சின்ன நைனா, நீயும் வா. சட்டை அழுக்காவும், பரவால்ல, வந்து புடி" என்றார் கன்னியப்பன்.

தினேஷ் தரையில் உட்கார்ந்து குழாயைப் பிடித்தான். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் விட்டுக்கொடுத்தது. அதோடு வண்டியின் இடது மூலை கிர்ரென்று முனகிக்கொண்டே கீழே இறங்கி உட்கார்ந்தது. எங்கள் கண் முன்னால், யாரும் தொடாமல். சரோஜா அம்மாள் "ஐயோ" என்று பின்னால் நகர்ந்தார்.

கன்னியப்பன் வெளியே வந்து கையைத் துடைத்தார். "எவன்யா இத்த முறுக்கினது? லாரிக்குப் போடுற முறுக்க சின்ன வண்டிக்குப் போட்டுகீறான். அதுவும் தொங்க உட்டு!"

பெரியவர் ஷெட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார்.

தினேஷுக்கு முதலில் புரியவில்லை. "நீதான்னா?"

"நான்தான்டா மாத்தினேன். மெக்கானிக்கும் இல்ல ஒருத்தனும் இல்ல."

"எப்ப?" என்றார் சரோஜா அம்மாள்.

"நீ உன் தங்கச்சி ஊட்டுக்குப் போன அன்னிக்கு."

தினேஷ் எழுந்துவிட்டான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தினான். "ஜாக்கி நழுவியிருந்தா? தனியா அடில படுத்துகினு இருக்கும்போது நழுவியிருந்தா யாருப்பா வந்து பாத்திருப்பாங்க? உடம்பு சரியில்லாத ஆளு நீ!" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு முழங்கையால் துடைத்தான், முகமெல்லாம் கிரீஸ்.

"தெரியும்டா. அதான் சொல்லல." பெரியவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "டாக்டரு ஒரு பந்த குடுத்து அமுக்கு அமுக்குன்னாரு. பந்த அமுக்கினா இன்னா தெரியும்? ஸ்பேனர் புடிச்சாதான தெரியும். வலது பக்கம் எப்பவும் போல டைட் வெச்சேன். இந்தப் பக்கம் இந்தக் கைதான் உள்ள பூரும். இதுக்கு எவ்ளோ பலம் கீதுன்னு எனுக்குத் தெரில. பத்தலையோ பத்தலையோன்னு இஸ்த்துகினே இருந்தேன். தரைல எறக்கி டைட் வெக்கணும்ன்றதே மறந்து பூட்ச்சி."

நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. இடது பக்கத்தில் அந்த போல்ட்டுக்கு நேரே படுத்தால் வலது கை எஞ்சினுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். இடது கைக்குத்தான் இடம். நாங்கள் மூன்று பேர் குழாய் போட்டுத் தளர்த்தினதை அந்த ஒரு கை முறுக்கியிருக்கிறது.

முதலில் வாயைத் திறந்தது சரோஜா அம்மாள்தான். "தேங்கா துருவித் தாய்யான்னா கை மரத்துப் போச்சின்னு சொன்னியே! இந்தக் கையா மரத்துப் போச்சி?"

கன்னியப்பன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். தினேஷ் சிரிக்கவில்லை, ஆனால் அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மீதி வேலையைச் செய்தோம். கன்னியப்பன் பெரியவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, வண்டியை அமுக்கி அமுக்கி ஆட விட்டு, நன்றாக உட்கார்ந்த பிறகு இரண்டு போல்ட்டையும் அளவாக முறுக்கச் சொன்னார். நான் முறுக்கினேன். உயரம் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. ஆனால் நான் முதல் தடவையே தப்பான உயரத்துக்கு டை ராடைத் திருப்பி வைத்திருக்கிறேனே, இப்போது ஸ்டியரிங் கோணலாக நின்றது. இனி கடைக்குப் போய் முறையாக அலைன்மென்ட் பார்த்தால்தான் நேராகும். அதுவரைக்கும் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும்.

சாவி தினேஷிடம் இருந்தது. வந்து இறங்கியதும் அவன்தான் பிடுங்கி வைத்திருந்தான். அம்பத்தூர் வரை நான் ஓட்டிப் போவதுதான் முறை, அதனால் நான் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டி அப்பாவிடம் போனான். பெரியவர் வலது கையை நீட்டினார்.

"அந்தக் கை வேணாம்" என்றான். "இந்தக் கைல வாங்கிக்க."

பெரியவர் தயங்கினார். இடது கையால் எதையும் வாங்கிப் பழகாத மனுஷன், அதுவும் பெற்ற பிள்ளையிடம். சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "வாங்கிக்கய்யா, பரவால்ல" என்றார் அந்த அம்மாள். பெரியவர் இடது கையை நீட்டிச் சாவியை வாங்கினார். விரல்கள் மூடிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தன. அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். தினேஷ் அந்த மூடிய கையைத் தன் இரண்டு கையாலும் ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டான்.

அப்புறம் நாலு பேரும் அம்பத்தூருக்குத் திரும்பினோம். பெரியவர்தான் ஓட்டினார். பக்கத்தில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங் கோணல், வண்டி இன்னும் மிஷினையே பார்க்கவில்லை, ரோட்டில் வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் குறுக்கே குறுக்கே வந்தன. நான் அவர் கையைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், மறுபடி கையைப் பார்த்தேன். பட்டாபிராம் பள்ளங்கள் வந்தன, போயின. ஆவடி வந்தது. வண்டி கோட்டை விட்டு விலகவில்லை.

பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். கன்னியப்பன் தினேஷின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.